கையொப்பத்தின் பின்னரே தொடங்கும் சமாதானம்

சமாதான உடன்படிக்கையொன்று கைச்சாத்திடப்படும் நாளில் உலகின் கண்கள் அனைத்தும் அந்த மேடையை நோக்கியே திரும்புகின்றன. அதன் பின்னர் வரும் ஆண்டுகளில், எழுதப்பட்டவற்றுள் எவை நிறைவேறின, எவை கிடப்பில் போடப்பட்டன என்று கணக்கெடுப்போர் மிகச் சிலரே. அக்கணக்கெடுப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கொலம்பியாவின் அனுபவம் தக்க சான்றாகும்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த போரை முடிவுக்குக் கொண்டுவரும் பொருட்டு, கொலம்பிய அரசும் ஃபார்க் கிளர்ச்சி இயக்கமும் 2012 முதல் கியூபத் தலைநகர் ஹவானாவில் பேச்சுவார்த்தை நடத்தின. கியூபாவும் நோர்வேயும் உத்தரவாத நாடுகளாக விளங்கின. 2014 இல், பாதிக்கப்பட்ட மக்களுள் 60 பேர் ஐந்து குழுக்களாக அங்கு சென்று, இரு தரப்பினர் முன்னிலையிலும் தமது இழப்புகளை எடுத்துரைத்தனர். 2016 ஒக்ரோபர் 2 ஆம் நாள் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் உடன்படிக்கை மிகச் சொற்ப வாக்குகளால் தோல்வியடைந்தது. எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. திருத்தப்பட்ட உடன்படிக்கை நவம்பர் 24 இல் கைச்சாத்தாகி, நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் பெற்றது.

இதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு, அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோக் ஆய்வு நிலையத்திடம் உடன்படிக்கையின் வாயிலாகவே ஒப்படைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆய்வாளர்கள் அந்த ஆவணத்தை 578 கடப்பாடுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் பதிவு செய்தனர். 2022 இறுதியில் முழுமையாக நிறைவேறியவை மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆயுதக் கையளிப்பு 2017 இலேயே முடிவுற்றது. போரின் மூலகாரணமான நிலப்பிரச்சினை தொடர்பான சீர்திருத்தங்களோ மிகவும் பின்தங்கின. ஆயுதங்களைக் கையளித்த முன்னாள் போராளிகளுள் 400 இற்கும் மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். அரசு மாறினாலும், வாக்குறுதி மறக்கப்பட்டாலும், இத்தகைய பதிவு அழிவதில்லை.

புலம்பெயர்ந்து வாழ்வோர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. உடன்படிக்கையின்படி அமைக்கப்பட்ட உண்மை ஆணைக்குழு, கொலம்பியாவுக்கு வெளியே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தஞ்சமடைந்திருந்தோரின் வாக்குமூலங்களையும் திரட்டியது. 2022 இல் வெளியான அதன் இறுதி அறிக்கையில் அவர்களுக்கெனத் தனித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறியோரின் துயரமும் நாட்டின் வரலாறே என்பது அதன்மூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நோர்வேயின் அனுசரணை ஈழத்தமிழருக்குப் புதியதன்று. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குக் கண்காணிப்புக் குழு இருந்தது. ஆனால் கண்காணிப்பதற்குரிய அரசியல் தீர்வு எட்டப்படவேயில்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அதிலிருந்து விலகியது. இரு நாடுகளின் சூழலும் ஒன்றல்ல. ஆயினும் கொலம்பியா உணர்த்தும் பாடம் தெளிவானது: வாக்குமூலம் கேட்கப்படும் காலம் வரும்போது, ஆண்டும் ஊரும் பெயரும் பிழையின்றிக் குறிக்கப்பட்ட பதிவுகளே துணைநிற்கும்.

பெற்றோரின் நினைவுகள் அவர்களோடு மறைந்துவிடலாகாது. அவற்றைக் கேட்டறிந்து எழுதிவைப்பதும், சமாதான ஆய்வினைத் துறைபோகக் கற்பதும் பல்கலைக்கழகங்களில் பயிலும் இளையோரின் கைகளிலேயே உள்ளன. ஆண்டுகள் கடந்தபின் தேடினாலும் கிடைக்காத சான்றுகள், இன்று பல இல்லங்களின் வரவேற்பறைகளிலேயே அமர்ந்திருக்கின்றன.