வாங்கலாமா, வேண்டாமா?

கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்குமுன் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? பிள்ளைகள் கேட்கும் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு விஷயத்திலும் அதுவே என் யோசனை.

'பால்டர்ஸ் கேட்' 1998-ல் வந்தது. 2012-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் விதிகள்தாம் இதற்கும். ஆறு பேர் கொண்ட கோஷ்டி உங்கள் சொற்படி நடக்கும். பகடையை மட்டும் கம்ப்யூட்டரே உருட்டிக்கொள்ளும்!

சித்திரங்கள் பழசு, மன்னித்துவிடலாம். விதிகள்தாம் முரண்டு பிடிக்கும். கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம்! ஆரம்பத்தில் ஓர் ஓநாயே ஆளைத் தீர்த்துவிடும். பக்கம் பக்கமாக ஆங்கிலமும் படிக்க வேண்டும்.

'டுமீல், டுமீல்' என்று சுட ஆசைப்படும் பையனுக்கு இது சரிப்படாது. பாட்டியோடு தாயம் ஆடி, வெட்டுப்பட்டாலும் சளைக்காமல் மறுபடி காய் இறக்குகிற பெண்ணுக்குத் தாராளமாக வாங்கித் தரலாம்.

'ஸ்டீம்' என்ற இணையக் கடையில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே முதல் ஒன்றரை மணி நேரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். புளித்தால் திருப்பிவிடுங்கள். இனித்தால், கோடை விடுமுறை முழுவதற்கும் அது ஒன்றே போதும்!