மணிமுடியும் மாணவர் குருதியும்

நகைக்கின்றனர் சிலர். 'ஆப்பிரிக்காவிலே ஒருவன் நெப்போலியன் வேடம் பூண்டான்' என்று கூறிக் கைகொட்டிச் சிரிக்கின்றனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை, சினம் வருகிறது!

1977 டிசம்பர் 4. மத்திய ஆப்பிரிக்கத் தலைநகர் பாங்கி. பொன்முலாம் பூசிய பெருங்கழுகு வடிவ அரியணை. வைரம் இழைத்த மணிமுடி. அதனைத் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான் பொகாசா. 1966இன் தொடக்கத்திலே படை பலத்தால் ஆட்சியைக் கவர்ந்தவன். 1972இல் ஆயுட்காலத் தலைவன். 1976இல் குடியரசையே பேரரசு என்று பெயர் மாற்றியவன். விழாவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு வரவு செலவிலே கால் பங்குக்கு மேல் என்பர். ஏழையின் கஞ்சிக் கலயம் கவிழ்ந்தது. ஏகாதிபதியின் கிரீடம் ஒளிர்ந்தது!

கோமாளிக் கூத்தாம் இது! 1804இல் பாரிசு மாதாகோவிலிலே, போப்பாண்டவர் பார்த்திருக்க, நெப்போலியனும் தன் முடியைத் தானேதான் சூடிக்கொண்டான். அவனும் படைத்தலைவன், அவனும் குடியரசைக் கவிழ்த்தே கோமகன் ஆனவன். அது வரலாறு, இது வேடிக்கையா? வெள்ளைத் தலையில் இருந்தால் வீரம், கறுத்த தலையில் ஏறினால் கேலியா? இல்லை தோழர்களே! முடி எத்தலையில் ஏறினும், மிதிபடுவது மக்கள் தலையே.

அந்தக் கூத்துக்குப் பணமும் பக்கபலமும் தந்தது யார்? பிரான்சு! வைரமும் யுரேனியமும் உள்ள மண் அல்லவா அது? இன்னொரு கொடுமை கேளீர். பிரெஞ்சுக் குத்தகைக் கம்பெனியின் கட்டாய வேலைக்குத் தன் மக்களை அனுப்ப மறுத்த ஒரு கிராமத் தலைவர், 1927இல் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மகனே பொகாசா! தந்தையைக் கொன்றவரின் படையிலே சேர்ந்தான். அவர்தம் அரசனின் அணிகலனையே ஆசையோடு அணிந்தான். அடிமைத்தனத்துக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

முடியின் விலையை முழுதாகச் செலுத்தியவர் பள்ளிச் சிறார்கள். பேரரசன் குடும்பத்தின் தொழிலகத்திலே தைத்த சீருடையை வாங்கியே தீரவேண்டும் என்றது ஆணை. பாடநூலுக்கே வழியற்றோர் 1979 சனவரியில் தெருவுக்கு வந்தனர். துப்பாக்கி பதில் சொன்னது. ஏப்ரலில் மாணவர் பலரைப் பிடித்து நகாரக்பா சிறையிலே அடைத்தனர். நூறு பேர் அளவுக்கு மாண்டனர் என்று உலகுக்கு அறிவித்தது ஆம்னெஸ்டி இன்டர்நேசனல். ஆப்பிரிக்க நீதிபதிகளின் விசாரணைக் குழுவும் படுகொலையை உறுதி செய்தது.

அதன்பின் பிரான்சு விழித்தது! 1979 செப்டம்பரில், பொகாசா லிபியா சென்றிருந்த வேளையிலே, பிரெஞ்சுப் படை இறங்கியது. அவன் விரட்டிய டாக்கோவை மீண்டும் அமர்த்தியது. மூன்றாண்டு நிறையுமுன் பேரரசு முடிந்தது. முடிசூட்டத் துணைநின்ற கையே முடியைப் பறித்தது. மக்கள் கையோ அன்றும் வெறுங்கை!

1987இல் கொலைக் குற்றங்களுக்காக மரண தண்டனை, பின்னர் குறைப்பு, 1993இல் விடுதலை, 1996இல் சாவு. 2010இலோ, அவன் பெருமையை மீட்பதாக அந்நாட்டு அரசே ஆணையிட்டது! சாலை போட்டான், கட்டடம் கட்டினான் என்கின்றனர். சிறையிலே மாண்ட சிறுவர்க்கு எந்தச் சாலை ஈடு?

அந்நாட்டின் விடுதலைத் தலைவர் போகாண்டா. 1959இல் விமான விபத்திலே மறைந்தவர். 'ஸோ க்வே ஸோ' என்பது அவர் தந்த முழக்கம்: ஒவ்வொரு மனிதரும் மனிதரே! நாட்டின் சின்னத்திலே பொறித்த சொல் அது. அச்சொல் மெய்யானால் அரியணைக்கு இடமேது?

மனிதன் மனிதனே, மன்னன் என்பவன் மற்றவர் குனிந்ததால் உயர்ந்தவன். நிமிர்வோம், முடிகள் தாமே உருளும்!