காசு வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும்
இணையவழிச் சந்தைகளின் சட்டப் பொறுப்பு பற்றி எமது சங்கத்தின் நிலைப்பாடு

டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், மழைக்காலத்துக்கென்று இணையத்தில் மின்கேத்தல் ஒன்று ஓடர் செய்தார். லயத்துக்கு இலக்கம் கிடையாது. கூரியர் தம்பி கீழே சந்தியில் நின்று போன் எடுத்தார். காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கலாம். கொடுத்தார். வீட்டுக்குப் போய் சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் விழுந்தது. தளத்துக்கு அழைத்தால், "நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம், விற்றவரைக் கேளுங்கள்" என்றார்கள். பெட்டியில் விற்றவர் பெயராக நாலு ஆங்கில எழுத்து, முகவரி இல்லை. திருப்பி அனுப்ப ஹட்டன் டவுனுக்குத் தூக்கிப் போக வேண்டுமாம். பஸ் காசை விடுங்கள், அன்றைக்குப் பேர் போய்விடும், நாட்சம்பளமும் இல்லை. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளமே 1,350 ரூபாய். கேத்தல் இப்போது இராக்கைமேல் கிடக்கிறது.

"இடம் மட்டும்தான்" என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. பொருளைக் காட்டியது தளம். காசை வாங்கியதும், தரகைக் கழித்துக்கொண்டு மீதியை விற்றவருக்கு அனுப்பியதும் அதே தளம். ஹட்டன் கடைத்தெருவில் இப்படி நடத்துபவரை நாம் முதலாளி என்றுதான் சொல்வோம். பழைய மோட்டார் சைக்கிளுக்கு விளம்பரம் போட மட்டும் இடம் தந்து, காசில் கை வைக்காத தளம் வேறு. அதன்மேல் இதே பாரத்தை ஏற்றச் சொல்லவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் திசைதிருப்பும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. இணையத்தில் செய்த ஒப்பந்தமும் செல்லும் என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் தீர்த்துவைத்தது. ஆனால் 2003இல் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது கடையும் கல்லாவும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நிற்கும் தளத்துக்கென்று அதில் தனிக் கடமை எதுவும் எழுதப்படவில்லை. இந்தியா இந்த ஓட்டையை 2020 ஜூலையில் தனி விதிகளால் அடைத்தது: விற்பவரின் விபரத்தைத் தளம் காட்ட வேண்டும், குறைதீர் அலுவலர் முறைப்பாடு கிடைத்ததை 48 மணித்தியாலத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதே அளவு இங்கேயும் வேண்டும். ஆனால் மலையகத்துக்கு அது மட்டும் போதாது. பொருளைக் கொண்டுவந்து கொடுத்த அதே சந்தியிலேயே திரும்ப எடுக்க வேண்டும், தளத்தின் செலவில். காசு கொடுக்குமுன் பெட்டியைப் பிரித்துப் பார்க்க விட வேண்டும். விற்றவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தளமே காசைத் திருப்பித் தர வேண்டும். விளம்பரம் மட்டும் தமிழில் வருகிறது, திருப்பும் நிபந்தனையோ ஆங்கிலத்தில்; 1987 முதல் தமிழும் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், நிபந்தனையையும் முறைப்பாட்டுப் படிவத்தையும் தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. இதையெல்லாம் செய்தால் விலை கூடும் என்பார்கள். கொஞ்சம் கூடலாம். இப்போது அந்தச் செலவு முழுவதையும் கொழுந்து பறிப்பவர் தன் நாட்சம்பளத்திலிருந்து கட்டுகிறார்.

புதிய விதிகள் வரும்வரை எமது அங்கத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பார்சல் உறையை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஓடர் இலக்கம் அதில்தான் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கான முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். உறையையும் பொருளின் படத்தையும் கொண்டுவாருங்கள், தமிழிலேயே எழுதித் தருகிறோம். இராக்கைமேல் இருக்கும் கேத்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.