ஊர் நெருங்கும்போது

பிரயாணம் புறப்படுகிற நாளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பை அது முடியப் போகிற நாளுக்குக் கொடுப்பதில்லை. புறப்படும்போது நல்ல நேரம் பார்க்கிறோம், சகுனம் பார்க்கிறோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். திரும்பும்போதோ, கும்பகோணத்துக்கு வருகிற நாம் மாயவரம் தாண்டியதுமே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ரயில் கதவருகே போய் நின்றுவிடுகிறோம். கடைசி 20 மைல் பிரயாணத்தில் சேர்த்தி இல்லை என்பது நம் எண்ணம்.

இந்த எண்ணம் சரிதானா என்ற சந்தேகம், போலந்து தேசத்துத் தம்பதிகள் இருவரின் கதையைப் படித்தபோது நமக்கு உண்டாயிற்று.

புருஷர் ஸ்டானிஸ்லாவ் புயாகோவ்ஸ்கி, மனைவி ஹாலினா. 1934-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், துருஸ்கியெனிகி என்னும் ஊரிலிருந்து இவர்கள் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். ஊற்றுநீர் ஸ்நானத்துக்குப் பெயர்போன ஊர் அது. வண்டியும் நமக்கு அந்நியமானதல்ல. நம் ஊர்ச் சைக்கிள்களில் பல்லாண்டுகளாய்ப் பார்த்துப் பழகிய அதே மூன்று எழுத்துத்தான். பக்கத்தில் ஒரு சைட்கார் பூட்டியிருந்தது. போய்ச் சேர நினைத்த இடமோ சீன தேசத்து ஷாங்காய்!

துருக்கி, ஈராக், பாரசீகம், பிறகு நமது இந்தியா, அப்பால் பர்மா என்று வழி நீண்டது. இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் லீடோ சாலை 1945-ல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால், 1935-ல் அந்தப் பக்கம் மோட்டார் வண்டியோடு போவது எத்தகைய காரியம் என்பது விளங்கும். 20,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து, 1936-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஷாங்காயை அடைந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷம்!

சைட்கார் பூட்டிய வண்டியின் சுபாவம் விசித்திரமானது. வேகத்தைக் கூட்டினால் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் மறு பக்கம் இழுக்கும். சைட்கார் இருக்கிற பக்கமாக விரைந்து திரும்பினால், அதன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதில் தக்க பாரம் இருந்தால்தான் வண்டி நிலை தவறாது. இதை நாம் விளக்கிச் சொன்னபோது நம் மனைவி, “அப்படியானால் சும்மா உட்கார்ந்து வருகிறவளால்தான் வண்டி கவிழாமல் போகிறது என்று சொல்லுங்கள்” என்றாள். பௌதிக சாஸ்திரப்படி அதற்கு மறுப்பு இல்லை.

ஷாங்காய் நெருங்கிய அந்தக் கடைசி நாட்களை நாம் எண்ணிப் பார்க்கிறோம். முன்னே இருப்பது சில நாள் வழி; பின்னே இருப்பது இரண்டு கண்டங்களின் புழுதி. அவர்கள் அறியாத சங்கதி ஒன்றும் இருந்தது. அடுத்த வருஷம், 1937 ஆகஸ்டில், அதே ஷாங்காயில் ஜப்பானியருக்கும் சீனருக்கும் பெரும் போர் மூண்டது. 1939 செப்டம்பரில் போலந்தின் மீது மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ருஷ்யாவும் பாய்ந்தன. துருஸ்கியெனிகி போலந்தின் கையை விட்டே போயிற்று. இன்று அது லிதுவேனியா தேசத்தைச் சேர்ந்த ஊர். சேர்ந்த ஊர் தீப்பட்டது. புறப்பட்ட ஊர் வேற்று நாடாயிற்று. நடுவில் கடந்து வந்த வழி ஒன்றுதான் அவர்களுக்கென்று நிலைத்தது.

அந்த வழியைக் காத்து வைத்தது எது? வண்டியல்ல, ஹாலினா எழுதிய குறிப்புக்கள்தான். 2011-ல் அவை போலந்து மொழியில் புத்தகமாக வெளிவந்தன. ‘என் பையனும், மோட்டாரும், நானும்’ என்பது போல் அதற்குப் பெயர். புருஷனைப் பெயர் சொல்லி அழைக்கவே நாணுகிற நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்! நம் மனைவி மட்டும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நம் முன் வைத்தாள்.

பல வருஷங்களுக்கு முன் நாங்கள் காசிக்குப் போய்வந்த காலத்து நோட்டு அது. கங்கையையும் விசுவநாதரையும் பற்றி நாம் வகுப்பில் எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறோம். திரும்பி வந்த நாளைப் பற்றி நமக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், எலுமிச்சம்பழத்துக்கும் கூலிக்காரனுக்கும் கொடுத்த கணக்கின் கீழே, இப்படி எழுதியிருந்தது:

“ஆடுதுறை. காப்பி இரண்டு. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஊர் வந்துவிட்டது.”

இருபது நாள் ஓயாமல் அவளோடு பேசிக்கொண்டு வந்தவர், மாயவரம் தாண்டியதும் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை நினைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றிருக்கிறார். அவளுக்குப் பிரயாணம் கும்பகோணத்தில் முடியவில்லை, ஆடுதுறையிலேயே முடிந்திருக்கிறது. இதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கோடை விடுமுறையில் ராமேசுவரம் போவதாக உத்தேசம். திரும்பி வரும்போது கும்பகோணம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும் வரையில் படுக்கையைச் சுருட்டுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.