கிணற்றடிக்கு வராத கணக்கு

பெருங் கம்பனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றாடல் அறிக்கைகளைப் புரட்டுவோர்க்கு ஒன்று புலனாகும். பசுமரமும் தெளிநீர் ஓடையும் சிரிக்கும் சிறாரும் பக்கம் பக்கமாக அச்சேறியிருக்க, எந்த ஆலை எந்த ஊரில் எவ்வளவு கழிவை எங்கே விடுகின்றது என்ற கணக்கு அரிதாகவே கண்ணிற்படும். எல்லா ஆலைகளையும் ஒன்றாய்க் கூட்டி, சென்ற ஆண்டினும் கழிவு குறைந்துள்ளது என்றெழுதி முடித்துவிடுகின்றனர். பத்து ஆலைகளிற் குறைந்து ஓர் ஆலையிற் கூடினாலும் கூட்டுத்தொகை குறையக்கூடும். அந்த ஓர் ஆலையின் அயலில் வாழ்பவனுக்கு அத்தொகையால் ஆவதென்ன?

பிரேசில் நாட்டுப் புருமாடின்யோவில் 2019 சனவரி 25 அன்று, வாலே கம்பனியின் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் மாண்டனர். அக்கம்பனியும் அழகிய அறிக்கைகளை வெளியிட்டே வந்தது. தன் அணைகள் யாவும் உறுதியெனச் சான்று பெற்றவை என்று அவற்றிற் கூறி முதலீட்டாளரை ஏமாற்றியதாக, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2022 இல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டில் 5 கோடி 59 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

அணை உடைந்த பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதியச் சபையும், சுவீடன் நாட்டு ஓய்வூதிய நிதியங்களின் ஒழுக்கநெறிச் சபையும் 700 க்கு மேற்பட்ட சுரங்கக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதின. ஒவ்வோர் அணையின் இடம், உயரம், கொள்ளளவு, உடைந்தால் நேரும் தீங்கு ஆகியவற்றைத் தனித்தனியே தருக என்றன. விடைகள் 2020 சனவரியில் எவரும் பார்க்கத்தக்க பதிவேடாயின. பணம் போட்டவன் கேட்டதும் அணைவாரியாகக் கணக்குப் பிறந்தது! அணையின் கீழ்க் குடியிருந்தவன் கேட்டிருந்தால் பிறந்திருக்குமோ?

இலங்கையின் நிலையும் இதுவே. பன்னாட்டு நியமங்களைத் தழுவி, 2025 சனவரி முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்ட புதிய அறிக்கை நியமங்கள் தம் முதல் வாசகராகக் கொள்வது முதலீட்டாளரையும் கடன் கொடுத்தோரையுமே. கிணற்று நீர் குடிப்பவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் இதன் பொருளை எவரும் எமக்கு விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லினூடே நிற்கும் நீரே எமக்குக் குடிநீர்; வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பதும் அதுவே. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் அந்நீரிற் கலந்ததை மக்கள் எந்த அறிக்கையாலும் அறிந்தாரல்லர். வாளியில் மிதந்த படலத்தால் அறிந்தனர். கேடு உண்டென்றனர் ஒரு சாரார். இல்லையென்றது வேறொரு குழு. தனியார் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் தீர்ப்பளிக்கும் வரை கமக்காரன் யார் சொல்லை நம்பியிருப்பான்? நிலையத்தின் கழிவும் அயற் கிணறுகளின் நீரும் மாதந்தோறும் அளக்கப்பட்டு, அவ்வெண்கள் ஊரார் கண்முன் தொங்கியிருந்தால் அந்த வழக்காடலுக்கு இடமேது?

நாம் வழவழப்பான தாளைக் கேட்கவில்லை. ஆலைக்கு ஒரு தாள் போதும். உரிமப்பத்திரம் அனுமதித்த அளவும் உண்மையில் அளந்த அளவும் அருகருகே நிற்கட்டும். மீறிய நாட்களும் அளந்தவர் பெயரும் அதில் இருக்கட்டும். அது தமிழில் எழுதப்பட்டுப் பிரதேச சபையிலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டப்படல் வேண்டும்.

இரசாயனம் கற்றவரும் பொறியியலாளரும் கணக்காளரும் நம்மிடையே குறைவா? இவ்வறிக்கைகள் தயாராகும் மேசைகளில் நம்மவரும் அமர்ந்திருக்கின்றனரே! கூட்டுத்தொகை எழுதுமுன் ஆலைவாரியான எண்களை அச்சிட அவர்கள் வற்புறுத்தட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உரிமப்பத்திர நிபந்தனைகளையும் அளவீட்டு முடிவுகளையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்பது பெருங்காரியமன்று. ஊர்க் கமக்காரர் கையொப்பமிடுவர். எழுதிக் கொடுப்பது படித்தவர் கடன். விண்ணப்பம் தமிழிலேயே போகட்டும். விடையும் தமிழிலேயே வரவேண்டும்.