சந்தேகநபரின் மொழி

1815 மார்ச் 2 அன்று கண்டி மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம், உடல் வதையையும் அங்கம் சிதைப்பதையும் தடைசெய்தது. இன்றைய அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை அதே தடையை அடிப்படை உரிமையாக்கியுள்ளது. கைதுக்கான காரணம் சொல்லப்பட வேண்டும், குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியே என்பன 13ஆவது உறுப்புரையில் உள்ளன. சாதாரண குற்றங்களுக்கு, பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு இது பொருந்தாது, அது பெருங்குறை.

அமெரிக்காவில் மௌனமாயிருக்கும் உரிமையைப் பொலிசாரே சந்தேகநபருக்குச் சொல்ல வேண்டும் என்று 1966இல் மிராண்டா வழக்கு தீர்த்தது. இங்கோ, பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

ஆயினும் கண்டியில் உரிமை மொழியில்தான் தடுக்கி விழுகிறது. நீதிமன்றப் பதிவேடு சிங்களத்தில். புசல்லாவை, ஹேவாஹெட்டைத் தோட்டத் தொழிலாளி பொலிஸ் நிலையத்தில் கையெழுத்திடும் வாக்குமூலமும் பெரும்பாலும் சிங்களத்தில்தான். கூண்டில் நிற்பவர், தன்னைப் பற்றிய பேச்சைச் சட்டத்தரணியின் முகக்குறிப்பிலிருந்து ஊகிக்கிறார். அரச செலவில் தமிழ் மொழிபெயர்ப்பு பெறும் உரிமையை 24ஆவது உறுப்புரை தந்திருக்கிறது. மலையகத்து ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதி அமைச்சு தாமதமின்றி நியமிக்க வேண்டும்.