தஃபக்குரா? தஃபாகுரா?

அரபி மொழியில் தஃபக்குர் என்றொரு சொல் உண்டு. தஃபாகுர் என்று மற்றொரு சொல்லும் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். அரபியிலோ இரண்டுக்கும் வேரே வேறு. முன்னதில் நிற்பது ‘காஃப்’. பின்னதில் நிற்பது தொண்டையை உரசி எழும் ‘ஃகா’. மத்ரஸாவின் முதலாண்டு மாணவன் இவ்விரண்டையும் மயங்கி ஓதினால் உஸ்தாது உடனே நிறுத்தித் திருத்துவார். திருத்தாவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தஃபக்குர் என்பது ஆழ்ந்து சிந்தித்தல். தஃபாகுர் என்பது ஒருவரை மிஞ்சி ஒருவர் பெருமையடித்துக் கொள்ளுதல்.

திருமறை இவ்விரண்டையும் எடுத்தாளுகிறது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 191ஆம் வசனத்தில், வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்பைக் குறித்துச் சிந்திப்போர் போற்றப்படுகின்றனர். அல்ஹதீத் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில், இவ்வுலக வாழ்வின் வெற்றுக் கவர்ச்சிகளுள் ஒன்றாக மனிதரின் பெருமையடிப்பு வைக்கப்படுகிறது. ஆகவே வானத்தை நோக்கும் கண்ணும் இருவகைப்படும். ஒன்று அறிவதற்காக நோக்குவது; மற்றொன்று அண்டை வீட்டான் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் நோக்கிக்கொண்டே வானத்தைப் பார்ப்பது.

விண்வெளி ஆராய்ச்சி வேண்டுமா வேண்டாவா என்பது இங்கே வழக்கன்று. வேண்டும் என்பதே நம் கட்சி. தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் வான்கணிதத்தால் கண்டறிந்த சமுதாயம் வேறெதைச் சொல்லும்? எந்திரங்களை அனுப்பி அறிவைத் தேடுவதா, மனிதர்களை அனுப்பி மார்தட்டுவதா என்பதே வழக்கு. முன்னது தஃபக்குர். பின்னது, இதுவரை நிகழ்ந்த வரலாற்றைக் கொண்டு பார்த்தால், பெரும்பாலும் தஃபாகுர். நம் நாடு இன்று இரண்டாவது வழியில் வெகுவேகமாகக் காலெடுத்து வைத்துள்ளது. இதைக் கேள்வி கேட்க நாவெழாமல் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுத நேர்ந்தது.

வரலாற்றைப் புரட்டுவோம். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அதற்கு நாற்பத்து மூன்றாம் நாள், மே 25இல், அமெரிக்க அதிபர் கென்னடி தம் நாடாளுமன்றத்தின் முன் நின்று, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதனை இறக்குவோம் என்று அறிவித்தார். அந்த நாற்பத்து மூன்று நாளில் நிலவைப் பற்றி என்ன புதிய ஐயம் அறிஞர் உள்ளத்தில் எழுந்துவிட்டது? ஒன்றுமில்லை. எதிரி முந்திவிட்டான் என்ற எரிச்சல்தான் எழுந்தது.

அவ்வாறே 1969 ஜூலையில் இறங்கினார்கள். 1972 டிசம்பருக்குள் பன்னிருவர் நிலவில் நடந்தனர். அந்தப் பன்னிருவருள் மண்ணியல் பயின்ற அறிஞர் எத்தனை பேர்? ஒரே ஒருவர்! அவரும் கடைசிப் பயணத்தில்தான் இடம் பெற்றார். போட்டியில் வென்றாயிற்று என்றதும், திட்டமிட்டிருந்த மூன்று பயணங்களை 1970லேயே நிறுத்திவிட்டார்கள். அதன் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தரையில் மனிதக் காலடி படவில்லை. அறிவுத் தாகத்தால் போயிருந்தால், அத்தாகம் எதிரி தோற்ற அன்றே தணிந்துவிடுமா?

இப்போது அந்தப் பழைய நாடகத்துக்கு மறுபடியும் திரை தூக்கப்படுகிறது. அமெரிக்கா ஆர்ட்டெமிஸ் என்னும் பெயரால் மீண்டும் மனிதரை நிலவில் இறக்க முனைந்தது. சீனா 2030க்குள் தன் மனிதர் இறங்குவர் என்று அறிவித்தது. யார் முந்துவது என்பதே இரு தலைநகரங்களிலும் பேச்சு. இந்தியாவும் 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என 2023இல் இலக்கு வகுத்துக்கொண்டது.

நம் நாட்டுத் திட்டம் தொடங்கிய முறை இதுவன்று. விக்ரம் சாராபாய் தும்பா மீனவர் கிராமத்தில் ஏவுதளம் அமைத்தபோது, முன்னேறிய நாடுகளோடு நிலவுப் பயணத்திலோ மனித விண்பயணத்திலோ போட்டியிடும் கனவு நமக்கில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். மக்களின் தேவைக்கு அறிவியல் பயன்பட வேண்டும் என்பதே அவர் கொள்கை. நம் இராமேசுவரத்துப் பிள்ளை மர்ஹூம் டாக்டர் அப்துல் கலாம் தலைமையில் 1980 ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 சுமந்து சென்றதும் மனிதனையன்று. ரோகிணி என்னும் சிறு செயற்கைக்கோளை. அந்த வழியில் வந்தவைதாம் இன்று புயலை முன்னறிவிக்கவும், நிலத்தடி நீரைத் தேடவும், கடலோடிக்கு மீன்வளம் காட்டவும் பயன்படும் செயற்கைக்கோள்கள்.

‘சாராபாய் நிலவையும் அல்லவா வேண்டாமென்றார்? அப்படியானால் சந்திரயானும் தவறுதானே?’ என்று கேட்கக்கூடும். அவர் மறுத்தது நிலவையன்று, போட்டியை. சில நூறு கோடியில் எந்திரத்தை அனுப்பிப் புதியதொன்றை அறிய முடியும் என்னும் நிலை வந்தபின், நிலவு பந்தயப் பொருளாக இல்லாமல் ஆய்வுப் பொருளாயிற்று. 2008இல் சென்ற முதல் சந்திரயானில் நம் கருவிகளோடு அமெரிக்கக் கருவியும் அமர்ந்து சென்றது. நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயம் உண்டு என்று அது காட்டியதை 2009இல் உலகமே ஏற்றது. போட்டியிட்டுக் கிடைத்ததா அது? கூடிச் செய்து கிடைத்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதி நொறுங்கியது. நாடே வருந்தியது. ஆயினும் ஒரு தாயும் பிள்ளையை இழக்கவில்லை. ஒரு பெண்ணும் இத்தா இருக்கவில்லை. பிழையைக் கண்டு திருத்தினார்கள். நான்காண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள், விழுப்புரத்து வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கியது. அதன் சிற்றூர்தி அங்கே கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய்.

மனிதப் பயணத்தில் பிழை நேர்ந்தால் விலை வேறு. 1967இல் அப்பல்லோ ஒத்திகைத் தீயில் மூவர், அதே ஆண்டில் சோவியத்தின் கொமரோவ், 1971இல் சோயுஸ்-11இல் மூவர், 1986இல் சேலஞ்சரில் எழுவர், 2003இல் கொலம்பியாவில் நம் கர்னால் நகரத்து மகள் கல்பனா சாவ்லா உட்பட எழுவர். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பு என்று நம்பும் நாம், இந்தக் கணக்கைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுக் கடந்து போகலாமா?

பணக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டம்பர் 18ஆம் நாள் ஒரே அமர்வில் மத்திய அமைச்சரவை மூன்று முடிவுகள் எடுத்தது. நிலவு மண்ணை அள்ளிவரும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி. வெள்ளிக் கோளை ஆராயும் கலத்துக்கு 1,236 கோடி. மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தை விரிவாக்கி, மொத்தம் 20,193 கோடி. முதலிரண்டையும் கூட்டினால் 3,340 கோடி. மூன்றாவதன் ஆறில் ஒரு பங்கு! ஒரு பக்கம் நிலவின் மண்ணும் வெள்ளியின் இரகசியமும். மறுபக்கம் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் மூவரைச் சில நாள் வைத்திருந்து பத்திரமாக இறக்கும் வித்தை. அதுவும் 1961 தொட்டு மற்றவர் செய்து முடித்த வித்தை. எதனால் நம் அறிவு வளரும் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இத்திட்டத்துக்கு நாள் குறித்த விதத்தையும் பாருங்கள். 2018 ஆகஸ்ட் 15ஆம் நாள் செங்கோட்டையிலிருந்து, நாட்டின் விடுதலைக்கு எழுபத்தைந்து ஆண்டு நிறையும் 2022க்குள் இந்தியர் ஒருவர் மூவண்ணக் கொடியோடு விண்ணேகுவார் என்று அறிவிக்கப்பட்டது. விழாவுக்காகக் குறித்த நாள், ஆய்வுக்காகக் குறித்ததன்று. 2022 வந்தது, போனது. விஞ்ஞானிகள் அவசரப்படாமல் பாதுகாப்பை எண்ணித் தாமதித்தது அவர்களுக்குப் பெருமை. நாள் குறித்தவர்களுக்கு அன்று. இதில் வேடிக்கையும் ஒன்றுண்டு. மனிதருக்கு முன்னே சோதனைக்காக அனுப்பவென்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செய்தது வியோமித்ரா என்னும் பெண் வடிவ எந்திரத்தை! எந்திரம் போய்ப் பார்த்துச் சொன்னால்தான் மனிதன் போகலாம் என்றால், போய்ப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு யார் தகுதி என்பது விளங்கவில்லையா?

எதிர்க்கட்சியாரின் வலுவான வாதத்தை மறைப்பது அறமன்று. மனிதன் நேரில் நின்றால் எந்திரம் காணாததைக் காண்பான் என்பர். அப்பல்லோ வீரர்கள் 382 கிலோ நிலவுப் பொருளைக் கொணர்ந்தனர். 1970இல் சோவியத்தின் லூனா-16 எந்திரம் கொணர்ந்ததோ 101 கிராம். ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையை 1993இல் விண்வெளி வீரர்களே நேரில் சென்று சரிசெய்தனர். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எந்திரம் 1970இலேயே நின்றுவிடவில்லை. 2024 ஜூனில் சீனாவின் சாங்கே-6, மனிதன் ஒருபோதும் இறங்காத நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் மண்ணைக் கொணர்ந்தது. ஹப்பிளுக்கு அடுத்து வந்த வெப் தொலைநோக்கி, எந்த மனிதனும் சென்று திருத்த இயலாத பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்குகிறது. 1977இல் புறப்பட்ட வாயேஜர்-1 கதிரவனின் காற்று எல்லையையே தாண்டிவிட்டது. அங்கெல்லாம் மனிதன் போகவில்லை. மனிதனின் அறிவு போயிற்று.

இளைஞருக்கு ஊக்கம் பிறக்கும் என்பது அடுத்த வாதம். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் சென்று ஏறத்தாழ எட்டு நாள் விண்ணில் இருந்தார். நிழற்படங்கள் எடுத்தார், சோதனைகள் செய்தார். நாட்டின் நினைவில் நிற்பது என்ன? பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் கேள்விக்கு அவர் விடையாகச் சொன்ன அல்லாமா இக்பாலின் பாட்டடி மட்டுமே. இக்பாலுக்குப் பெருமைதான், அறிவியலுக்கு என்ன சேர்ந்தது?

நம் சமுதாயத்தாரும் இதில் விலக்கல்லர். 1985இல் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் விண்ணேறியபோதும், 2007 ரமலானில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஏறியபோதும் நம்மவர் பூரித்தனர். 2021 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘அல்அமல்’ கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி அதன் காற்று மண்டலத்தை ஆராய்ந்தபோது அந்தப் பூரிப்பில் பாதியாவது இருந்ததா? மேடைப் பேச்சாளர் சிலர், அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை ராக்கெட்டுக்கு விளம்பரமாகவே ஆக்கிவிட்டனர். முற்கால விரிவுரையாளர் பலர் அதனை, இறைவனின் ஆட்சியிலிருந்து ஜின்னும் மனிதரும் தப்பியோட இயலாமையைக் காட்டும் அறைகூவலாகவே விளக்கினர். இயலாமையைச் சொல்லும் வசனத்தை வல்லமைக்குச் சான்றாக்குவது என்ன நியாயம்?

அல்பிரூனி பதினொன்றாம் நூற்றாண்டில் பஞ்சாபின் நந்தனா குன்றில் நின்று, தொடுவானம் தாழும் கோணத்தை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர் பூமியைவிட்டு ஓரடியும் எழும்பவில்லை. அத்தகைய தஃபக்குர் இன்றும் நம் கண்ணெதிரே உண்டு. காந்திகிராமத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடரில்தான் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899 முதல் இருக்கிறது. 1909இல் எவர்ஷெட் என்பார் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே ஆதித்யா-எல்1 கலத்தின் தலையாய கருவியை உருவாக்கியது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் புறப்பட்ட அக்கலத்தின் திட்ட இயக்குநர் யார்? செங்கோட்டை தந்த சகோதரி நிகர் ஷாஜி! நம் பெண்மக்களுக்கு ஊக்கம் வேண்டுமென்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

‘காந்தி பெயர் தாங்கிய ஊரிலிருந்து கொண்டு எந்திரத்துக்கு வக்காலத்தா?’ என்று நண்பர் சிலர் நகைப்பர். 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த இவ்வூர் எந்திரப் பகைக்காக எழுந்ததன்று. காந்தியடிகள் சிங்கர் தையல் எந்திரத்தை 1924இலேயே வரவேற்றவர். மனிதனின் சோற்றைப் பறிக்கும் எந்திர மோகத்தையே அவர் வெறுத்தார். சின்னாளபட்டி நெசவாளியின் தறியை எந்திரம் பறித்தால் நாமும் எதிர்ப்போம். நிலவிலோ தறியுமில்லை, நெசவாளியுமில்லை, காற்றுமில்லை. அங்கே எந்திரம் யாருடைய பிழைப்பைப் பறிக்கிறது? உயிரைக் காக்கிறது, கருவூலத்தையும் காக்கிறது.

ஆகவே நாம் கேட்பது விண்வெளிக்குக் கதவடைப்பதையன்று. மனிதரை அனுப்பும் பந்தயத்திலிருந்து இந்தியா விலகட்டும். அப்பணத்தால் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அப்பாலும் கலங்கள் செல்லட்டும். வேளாண்மைக்கும் வானிலைக்கும் செயற்கைக்கோள்கள் பெருகட்டும். ‘இந்தியர் எப்போது விண்ணேறுவார்?’ என்று கேட்கும் பள்ளிப் பிள்ளைக்கு, ‘ஏறி எதை அறியப் போகிறோம்?’ என்று திருப்பிக் கேட்க ஆசிரியர்கள் பழக்கட்டும். அல்ஹதீத் அத்தியாயத்தின் பெயருக்கு இரும்பு என்பது பொருள். அதில் கடும் வலிமையும் உண்டு, மக்களுக்குப் பயன்களும் உண்டு என்று அதே அத்தியாயம் சொல்கிறது. அந்த இரும்பு பயனாக விண்ணேகட்டும், பகட்டாக வேண்டாம்.